தியாகராசா திறந்த வேன் கோப்பு

1984ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, பிரிக்பீல்ட்ஸ் அரசாங்கக் குவாட்டர்ஸில், மூன்றாவது தோசைக்கும் நான்காவது தோசைக்கும் நடுவில், தியாகராசா தம் வாழ்க்கையின் மாபெரும் முடிவை அறிவித்தார்.

"நான் வேன் வாங்கப் போறன்."

கனகேஸ்வரி தோசையைத் திருப்பிப் போட்டார். "சம்பல் போதுமோ?"

"நான் வேன் எண்டு சொல்லுறன். நீர் சம்பல் எண்டு சொல்லுறீர்."

"கேட்டுது. வாங்குங்கோ."

"ஆனால் ஒண்டு. எந்த வேன், எஞ்சின் எங்க இருக்கவேணும், எந்தச் சக்கரம் சுத்தவேணும், எல்லாம் நான் மட்டும்தான் முடிவெடுப்பன். இந்த முறை ஒருத்தரும் தலைபோடப்படாது."

"தலைபோட எனக்கு நேரம் எங்க? தோசை கருகுது."

இந்த முறை என்று அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் இருந்த ஐஸ்பெட்டி கனகேஸ்வரி தேர்ந்தெடுத்தது. டிவி, திரைச்சீலை, சாப்பாட்டு மேசை, அவர் மூக்கின்மேல் இருந்த கண்ணாடி எல்லாமே கனகேஸ்வரி தேர்ந்தெடுத்தவை. வேடிக்கை என்னவென்றால், வாங்கும்போது ஒவ்வொன்றையும் தாமே தேர்ந்தெடுத்ததாகத்தான் தியாகராசா நினைத்திருந்தார். வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்துத்தான் சந்தேகம் வரும். அதற்குள் ரசீது தொலைந்திருக்கும்.

முதல் நாள்தான் அவருடைய மோரிஸ் மைனர் கார் உயிரை விட்டிருந்தது. 1959இல் வாங்கிய கார். இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து, ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில் திருவிழாவுக்கெல்லாம் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு போய், கடைசியில் பத்துமலையிலிருந்து திரும்பும் வழியில், ஈப்போ ரோட்டில், காவடிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. தியாகராசா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கனகேஸ்வரியும் பக்கத்து வீட்டு முத்துக்குமாருவும் தள்ளினார்கள். அவர் அழுதார் என்று கனகேஸ்வரி சொல்வார். திருநீறு கண்ணில் விழுந்துவிட்டது என்று அவர் சொல்வார். அழுதார் என்பதுதான் உண்மை. அந்தக் காலத்தில் கார் என்பது வீட்டில் ஒரு ஆள்.

ஆனால் வேன் ஏன்? வீட்டில் இருந்தது இரண்டே பேர். பெரிய மகள் ஈப்போவிலும் சின்ன மகள் சிரம்பானிலும் குடியும் குடித்தனமுமாக இருந்தார்கள்.

தியாகராசா ஓர் அரசாங்க இலாகாவில் தலைமைக் குமாஸ்தா. முப்பத்தொரு வருடமாக அவர் பார்த்த முக்கியமான வேலை, அதிகாரிகளின் பயணப்படியை அனுமதிப்பது. கோத்தாபாருவுக்குப் போய்வந்தவர், கோலத் திரெங்கானுவுக்குப் போய்வந்தவர், கேமரன் மலையில் மூன்று நாள் கம்பளிக்குள் படுத்திருந்துவிட்டு ஆய்வு என்று எழுதியவர், எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டவர் அவர். அவர் மட்டும் வடக்கே ஈப்போவைத் தாண்டியதில்லை, தெற்கே சிரம்பானைத் தாண்டியதில்லை. டிசம்பரில் ஓய்வு. ஓய்வு பெற்றதும் பின்னால் கட்டில் போட்ட வேன் ஒன்றில் பெர்லிஸிலிருந்து ஜொகூர்வரை சுற்ற வேண்டும், கடற்கரையோரம் நிறுத்தித் தூங்க வேண்டும் என்பது அவர் யாருக்கும் சொல்லாமல் வளர்த்த ஆசை. கட்டிலின் படத்தைக்கூட அலுவலகத் தாளின் பின்பக்கம் வரைந்து வைத்திருந்தார்.

கனகேஸ்வரிக்கும் ஓர் ஆசை இருந்தது. அது யாருக்கும் தெரியாத ஆசை இல்லை. எட்டு வருடமாக அவர் வாய்விட்டுக் கேட்டு வந்தது.

அந்த வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எதுவானாலும் கனகேஸ்வரி அக்காவின் கைப்பாகம் இல்லாமல் நடக்காது. ஆனால் எல்லாம் ஓசி உதவி. "நான் ஆர்டர் எடுத்துச் சமைக்கப் போறன், கிடாரம் கரண்டி எல்லாம் சேத்து வைக்கப் போறன்" என்று 1976இல் கணவரிடம் கேட்டார். கேட்டார் என்பது தவறு. எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டில் எதையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து அலமாரியில் இரண்டு மரத்தட்டுகள் இருந்தன. உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது ஒன்று. கூரை ஒழுகினாலும் காகிதம், மகளுக்குச் சம்பந்தம் வந்தாலும் காகிதம். தியாகராசா மாலை ஆறு மணிக்குத் தேநீரோடு உட்கார்ந்து தட்டைப் பார்ப்பார். தம் பெயரின் முதல் இங்கிலீஷ் எழுத்தாக, நீல மையில் ஒரு 'டி' போட்டால் அனுமதி. பிடிக்காததற்கு அவர் மறுப்பு எழுத மாட்டார். 'கே.ஐ.வி.' என்று எழுதுவார். கீப் இன் வியூ. கண்ணெதிரே வைத்திருக்கவும் என்று அர்த்தம். அப்படி எழுதிய காகிதத்தை அடுத்த நிமிடமே அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டுவார்கள் என்பது அரசாங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கனகேஸ்வரியின் கல்யாணச் சமையல் எட்டு வருடமாக அந்த அடித்தட்டில் கிடந்தது.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்புகூட, கிள்ளானிலிருந்து புனிதவதி என்ற அம்மா தேடி வந்து, வைகாசியில் மகனுக்குக் கல்யாணம், ஐந்நூறு பேருக்கு நீங்கள்தான் சமைக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். கிடாரங்களை எதில் ஏற்றிக்கொண்டு போவது? "பிறகு சொல்லுறன்" என்று அனுப்பிவிட்டு, கனகேஸ்வரி அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. தியாகராசா அதைக் கவனிக்கவில்லை. அன்று தட்டில் காகிதம் எதுவும் இல்லை.

ஆக, தோசை முடிந்த கையோடு கோப்பு திறக்கப்பட்டது. வேன்/1/84. இடப்பக்கம் வரிசை எண் போட்ட குறிப்புகள், வலப்பக்கம் கடிதங்கள், நடுவில் பச்சைக் கயிறு. அலுவலகத்தில் கோப்பெல்லாம் மலாய்மொழிக்கு மாறி வருடக்கணக்காகிவிட்டது. அவர் இளம் வயதில் உருகி உருகிக் கற்ற அந்தப் பழைய இங்கிலீஷ் குறிப்பு நடைக்கு இனி இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் வீட்டுக் கோப்புதான். அதனால் அதில் அவர் ஒரு 'அப்ரூவ்ட்' எழுதினால் கடைசிச் சுழிவரை ரசித்து எழுதுவார்.

டெண்டர் கமிட்டி அமைந்தது. தலைவர் தியாகராசா. செயலாளர் தியாகராசா. உறுப்பினர் தியாகராசா.

"நானோ?" என்று கேட்டார் கனகேஸ்வரி.

"பார்வையாளர். ஓட்டு இல்லை. கருத்து இருந்தால் எழுதித் தட்டில வைக்கலாம்."

"சரி" என்றார் கனகேஸ்வரி, அடக்க ஒடுக்கமாக.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் கனகேஸ்வரி அதே இலாகாவில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். இளம் குமாஸ்தா தியாகராசாவின் பலவீனத்தை அங்கேயே கண்டுபிடித்துவிட்டார். நன்றாக டைப் அடித்து, ஓரம் விட்டு, வரிசை எண் போட்டு, அடியில் 'அனுமதிக்கு' என்று எழுதிய எந்தக் காகிதத்துக்கும் அந்த மனிதரின் கை தானாகவே 'டி' போட்டுவிடும். மேலே என்ன இருக்கிறது என்று கண் பார்க்காது. கனகேஸ்வரியின் தகப்பனார் அனுப்பிய ஜாதகத்தில்கூட அவர் 'டி' போட்டுத்தான் திருப்பி அனுப்பினார். அந்த ஜாதகம் இன்றும் கனகேஸ்வரியின் பெட்டியில் இருந்தது. அவருடைய டைப்ரைட்டரும் இருந்தது.

தொழில்நுட்ப ஆலோசகர் பக்கத்து வீட்டு முத்துக்குமாரு. செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் இரும்போடு புரண்டு ஓய்வு பெற்றவர். தம் தோட்டத்துக் கைவண்டியை நடு முற்றத்தில் நிறுத்தி வகுப்பு எடுத்தார்.

"இஞ்ச பார் தியாகராசா. இப்ப விக்கிற வேனில முக்கால்வாசியும் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழ. அதில இருந்து நீளமா ஒரு இரும்புத் தண்டு அடியால ஓடி, பின் சக்கரத்தைச் சுத்தும். இது பின்னால நிண்டு தள்ளுற வண்டி. இப்ப வாற சின்னக் கார் சிலதில எஞ்சினும் முன்னால, சுத்துறதும் முன் சக்கரம். அது முன்னால போய் இழுக்கிற வண்டி."

"எது நல்லது அண்ணை?"

"என்ன ஏத்தப் போறாய் எண்டதில இருக்கு. பின்னால பாரம் ஏத்தினா, பின் சக்கரம் நிலத்தைக் கவ்விக்கொண்டு மேடு ஏறும். வெறும் வண்டியைக் கொண்டுபோய் ஈரப் புல்லில விட்டா, நிண்ட இடத்திலயே சுத்தும்."

"நாலு சக்கரமும் சுத்துற வண்டி?"

"அது காட்டில மரம் வெட்டுறவனுக்கு. நீ காட்டுக்கோ போறாய்?"

"இல்லை அண்ணை. கடற்கரைக்கு."

"அப்ப ரெண்டு சக்கரம் போதும் லா."

தேநீர் கொண்டுவந்த கனகேஸ்வரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணை, பாரம் எண்டா எவ்வளவு?"

"நூறு, நூற்றைம்பது கிலோ கிடந்தால் அசையாது."

கனகேஸ்வரி தலையாட்டிவிட்டு வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. மகளுக்குக் கடிதம் எழுதுகிறார் என்று தியாகராசா நினைத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு மாதம் தியாகராசா வாழ்ந்தார். சனிக்கிழமை மதியம் அலுவலகம் விட்டதும் ஷோரூம் ஷோரூமாகப் போவார். லைட்ஏஸ், வேனெட், ஹைஏஸ் என்று வாய் நிறையச் சொல்வார். வெள்ளைக் கால்சட்டை, டை, பையில் மூன்று பேனா. தரையில் கைக்குட்டையை விரித்து, மல்லாந்து படுத்து, வேனுக்கு அடியில் நுழைந்துவிடுவார். வெளியே இரண்டு சப்பாத்து மட்டும் தெரியும். உள்ளேயிருந்து குரல் வரும்: "தண்டு பின்னுக்குத்தான் போகுது. எழுதும்." எழுதுவதற்கு வெளியே யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடி வெளியே வந்து அவரே எழுதுவார்.

"பாஸ், வாங்குறீங்களா, ரிப்பேர் பண்றீங்களா?" என்று ஒரு சேல்ஸ்மேன் கேட்டே விட்டான்.

"ஒப்பீட்டு ஆய்வு" என்றார் தியாகராசா, முதுகைத் தட்டியபடி.

ஆய்வின் முடிவில் அவர் மனத்தைப் பறிகொடுத்தது ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் கொம்பி. எஞ்சினும் பின்னால், சுற்றுவதும் பின் சக்கரம். நடுவில் தண்டே இல்லை. முன்னால் வட்டக் கண், வெள்ளையும் நீலமும். அதில் கட்டில் போட்டு, ஜன்னலைத் திறந்து, தென்சீனக் கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது. மதிப்பெண் பட்டியலில் இருபதுக்குப் பதினெட்டு கொடுத்தார். மீதி இரண்டைக் குறைத்தது கூச்சத்தில்.

இறுதி முடிவு எழுதுவதற்காகக் கோப்பைத் திறந்தார். முறைப்படி முதலில் நிபந்தனைகளைச் சரிபார்க்க வேண்டும். ஏழாவது குறிப்பில் கண் நின்றது.

'வாகனத்தின் பின்தரை முன்னிருந்து பின்வரை ஒரே தட்டையாக இருத்தல் வேண்டும். மேடு உள்ள வாகனம் பரிசீலிக்கப்படாது. அனுமதிக்கு.' அடியில் நீல மையில் ஒரு 'டி'.

கொம்பியில் எஞ்சின் பின்னால் இருந்தது. எஞ்சினுக்கு மேல் மேடு இருந்தது.

தியாகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். 'டி' அவருடையதுதான். அந்த வால் சுழிப்பை வேறு யாராலும் போட முடியாது. இதை எப்போது எழுதினோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. படிக்காமல் போட்டிருப்போமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டினார். அதை ஒப்புக்கொண்டால் முப்பத்தொரு வருடத்துப் பயணப்படியெல்லாம் என்ன ஆவது? 

"என்னப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் கனகேஸ்வரி.

"கொம்பி நிபந்தனைக்குள்ள வரேல்லை."

"ஐயோ. ஆர் அந்த நிபந்தனை போட்டது?"

"நான்தான்."

"அப்ப காரணம் இருக்கும். நீங்க யோசிக்காமல் ஒண்டும் செய்யமாட்டீங்கள்."

"ஓம்" என்றார் தியாகராசா. தட்டையான தரை இருந்தால் கட்டில் ஆடாது என்று ஒரு காரணமும் தானாகவே கிடைத்தது. இவ்வளவு முன்யோசனையோடு எழுதியிருக்கிறோமே என்று அவருக்குத் தம்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. அந்த வட்டக் கண் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மற்ற நிபந்தனைகளும் ஒவ்வொன்றாக ஒவ்வொரு வேனை வெளியே தள்ளின. பின்கதவு மேல்நோக்கித் திறக்க வேண்டுமாம். பக்கக் கதவு இழுவைக் கதவாக, நாற்பது அங்குலப் பொருள் நுழையும் அளவில் இருக்க வேண்டுமாம். தியாகராசா படுத்தால் அகலம் இருபது அங்குலம்கூட இல்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் அடியில் 'டி' இருந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வேன். பழைய கிள்ளான் ரோட்டில் நஜ்முதீன் என்பவரின் வேன் கடையில் நின்ற, பால்வெள்ளை நிற ஜப்பான் வேன். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் ரோட்டில் பாதி அதுதான்.

"வாங்கண்ணே, வாங்கக்கா" என்றார் நஜ்முதீன். அவர் பிரிக்பீல்ட்ஸ் கல்யாணங்களில் சாப்பிட்டவர். கனகேஸ்வரியைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். "அக்கா கையால ஒரு பால் சோறு சாப்பிட்டேன் பாருங்க, இன்னும் நாக்குல நிக்குது."

"வண்டியைப் பாப்பம்" என்றார் தியாகராசா, தலைவர் குரலில்.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். உட்கார்ந்த இடம் மெதுவாகச் சூடேறியது.

"இதென்ன, அடியில அடுப்பு எரியிறமாதிரி?"

"எஞ்சின் சீட்டுக்குக் கீழதானே அண்ணே. இந்த மாடலெல்லாம் அப்படித்தான். ஒரு மெத்தை போட்டுக்கிட்டா சரியாயிரும்."

"நான் இருபத்தாறு வருசமா அடுப்புக்கு முன்னால நிக்கிறன்" என்றார் கனகேஸ்வரி. "நீங்க கொஞ்ச நேரம் அடுப்புக்கு மேல இருந்தா என்ன?"

நஜ்முதீன் வேகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

கடைக்குப் பின்னால் புல்வெளி. காலையில் பெய்த மழை ஊறிக் கிடந்தது. கமிட்டியின் செயல்முறைச் சோதனை அங்கே நடந்தது. தியாகராசா வேனை இறக்கினார். பத்தடி போனது, நின்றது. பின் சக்கரம் உய்ங் என்று சுற்றியது. சேறு பறந்து அவர் சட்டைக் காலரில் வந்து உட்கார்ந்தது. வேன் மட்டும் நகரவில்லை.

"முத்துக்குமாரு அண்ணை சொன்னதுதானே" என்றார் கனகேஸ்வரி, குடையைப் பிடித்துக்கொண்டு. "பின்னால பாரம் இல்லை."

"இஞ்ச பாரத்துக்கு எங்க போறது?"

"பாசாருக்குப் போயிட்டுத்தானே நான் வந்தனான். டாக்ஸியில ரெண்டு மூட்டை அரிசி கிடக்கு. வழியில ஒரு கிடாரமும் வாங்கி டாக்ஸி மேல கட்டினனான். சின்னதுதான். பித்தளை."

நஜ்முதீனின் ஆட்கள் நான்கு பேர் அந்தச் சின்னக் கிடாரத்தைத் தூக்கினார்கள். அதற்குள் தியாகராசா உட்கார்ந்து குளிக்கலாம். இழுவைக் கதவை நீட்டித் திறந்ததும் அது அளவெடுத்துத் தைத்ததுபோல் உள்ளே போனது. தட்டைத் தரையில் வழுக்கிக்கொண்டு போய்ப் பின் சக்கரத்துக்கு மேலே நின்றது. இரண்டு மூட்டை அரிசியும் ஏறியது. தியாகராசா கிளட்சை விட்டார். வேன் ஒரு உறுமல் போட்டுப் புல்லைக் கவ்வி மேட்டில் ஏறி, ரோட்டோரம் வந்து நின்றது.

அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு மாதப் படிப்பு கண்ணெதிரே உண்மையாகிவிட்டது. "பாத்தீரோ? பின் சக்கர இழுவை! பாரம் இருந்தால்தான் அது வேலை செய்யும்! நான் சொன்னனே!" என்று சேற்றோடு கத்தினார்.

"ஓம். அதனால பின்னால எப்பவும் பாரம் இருக்கவேணும்" என்றார் கனகேஸ்வரி. "எழுதி வைக்கட்டோ?"

"எழுதும், எழுதும்!"

அன்று மாலை ஆறு மணிக்குத் தட்டில் காகிதங்கள் இருந்தன. அவர் தேநீரைக் குடித்துக்கொண்டே, புல்மேட்டை மனத்துக்குள் மறுபடி மறுபடி ஏறிக்கொண்டே, வரிசையாக 'டி' போட்டார்.

வேன் வீட்டுக்கு வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கந்தசாமி கோயிலில் பூசை. மோரிஸ் மைனர் நின்ற இடத்தில் அது நின்றதைப் பார்த்ததும் தியாகராசாவுக்கு நெஞ்சு கனத்தது. பிறகு துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். வைகாசியில் இரண்டு வார விடுமுறைக்கு எழுதிப் போட்டார். ஓய்வுக்கு முன் ஒரு ஒத்திகை. கட்டிலுக்குத் தச்சரிடம் அளவு கொடுத்தாகிவிட்டது.

விடுமுறையின் முதல் நாள் விடிந்தது. மலேசியா வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வேனுக்குள் கட்டில் இல்லை. மூன்று கிடாரம், இரண்டு அண்டா, ஒரு மூட்டை வெங்காயம். நடுவில் கனகேஸ்வரி முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றார்.

"இதென்ன?"

"பாரம்."

"கட்டில் எங்க?"

"பதினோராம் குறிப்பு பாருங்கோ. கட்டில் தேவையில்லை எண்டு நீங்கதானே முடிவெடுத்தீங்கள்."

தியாகராசா உள்ளே ஓடினார். கோப்பைப் பிரித்தார். பதினொன்று: கட்டில் நீக்கம். 'டி'. பன்னிரண்டு: பின்பாரம் பார்வையாளரால் வழங்கப்படும். 'டி'. பதின்மூன்று: முதல் பயணம், கிள்ளான், புனிதவதி வீட்டுக் கல்யாணம், ஐந்நூறு பேர். 'டி'. பதினான்கு: மேற்படி வாகனத்துக்கு நிரந்தர டிரைவராகத் திரு. தியாகராசாவை நியமிக்கலாம். வேறு தகுந்த ஆள் இல்லை. அனுமதிக்கு.

அந்த 'டி' மற்ற எல்லாவற்றையும்விட அழகாக, வால் நீண்டு, சுழித்து விழுந்திருந்தது.

அவர் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். கனகேஸ்வரி வந்து பக்கத்தில் நின்றார்.

"எட்டு வருசம் கேட்டனான்" என்றார் மெதுவாக. குரலில் கோபம் இல்லை. "வாயால கேட்டால் எழுதச் சொன்னீங்கள். எழுதினால் பூட்டி வைச்சீங்கள். இப்ப ஒருக்கால் எனக்காக ஓட்டுங்கோவன்."

தியாகராசா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் இருந்த ஆசை தம்முடைய ஆசையைவிடப் பெரியது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எழுந்து சாவியை எடுத்தார்.

கிள்ளான் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் பந்திங்கில் சொன்னார்கள். பந்திங்கில் சாப்பிட்டவர்கள் மூவாரில் சொன்னார்கள். ஓய்வுக்குப் பிறகு ஐந்து வருடத்தில் தியாகராசா தைப்பிங் பார்த்தார், சுங்கை பட்டாணி பார்த்தார், அலோர் ஸ்டார் நெல்வயலுக்கு நடுவே வேனை நிறுத்திச் சூரிய உதயம் பார்த்தார். எல்லாவற்றையும் கல்யாண வீட்டுப் புழக்கடை வழியாகத்தான் பார்த்தார் என்றாலும் பார்த்தார். மேடுகளில் வேன் திக்காமல் ஏறியது. "பின் சக்கரம்" என்பார், பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு வரும் கனகேஸ்வரியிடம். "பாரம்" என்பார் அவர். அந்த வருடங்களைப் போல் இனி வராது என்று பின்னாளில் இரண்டு பேருமே சொல்வார்கள்.

ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. கிழக்குக் கரையில் அவர்களுக்கு ஆர்டரே வரவில்லை. கோலத் திரெங்கானுக் கடற்கரை அப்படியே நின்றது. 1989இல் ஒருநாள் தியாகராசா மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, ஓரம் விட்டு, வரிசை எண் போட்டு, நல்ல இங்கிலீஷில் எழுதினார்: கடல் பார்க்க, வெறும் வேனோடு, மூன்று நாள் விடுப்பு வேண்டும். அடியில் 'அனுமதிக்கு' என்று எழுதித் தட்டில் வைத்தார். ஒரு வாரம் ஆவலோடு காத்திருந்தார். எட்டாம் நாள் மாலை, தேநீரோடு காகிதம் திரும்பி வந்தது. 

அவர் பேனாவால், அவர் நீல மையில், கொட்டை எழுத்தில் 'கே.ஐ.வி.' என்று இருந்தது. அடியில் வால் சுழித்து ஒரு 'கே'.